பாடப்பதிவில் கிரெடிட் குறைகிறதா, ஸ்லாட் இடிக்கிறதா: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் வட்டாரத்துக் கல்லூரிகளில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் நடக்கும் பாடப்பதிவில் மாணவர்கள் எதிர்கொள்ளும் சிக்கல்களை, திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்து ஒவ்வொன்றாக இங்கே எழுதுகிறேன். பதிவு மேசையில் பல பருவங்கள் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில் என் அனுபவம் இது: "போர்ட்டல் வேலை செய்யலீங்க சார்" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் போர்ட்டல் சரியாகவே வேலை செய்துகொண்டிருக்கும், ரெகுலேஷனில் (பாடம், தேர்வு, பட்டம் பற்றிய விதித்தொகுப்பில்) இருக்கும் ஏதோ ஒரு விதியை அது சிவப்பு எழுத்தில் சொல்லிக்கொண்டிருக்கும், அந்த விதி எது என்பதைத்தான் அது சொல்லத் தெரியாமல் நிற்கும்.

எந்த அறிகுறியைச் சரிசெய்வதற்கும் மூன்று தாள்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, நீங்கள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டுக்குரிய ரெகுலேஷன். சீனியர் அண்ணன் சொன்னதும் அக்கா சொன்னதும் அவர்கள் சேர்ந்த ஆண்டுக்குச் சரியாக இருந்திருக்கலாம், உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். இரண்டு, பாடத்திட்ட அட்டவணை. மூன்று, இதுவரை நீங்கள் பெற்ற கிரெடிட்களை (பாடத்தின் வார வகுப்பு அளவுக்கேற்பக் கிடைக்கும் புள்ளிகளை) பாட வகைவாரியாகக் காட்டும் பட்டியல். மூன்றாவதைக் கொண்டுவருகிறவர்கள் மிகக் குறைவு. சிக்கல்களில் பாதி அந்தத் தாளிலேயே தீர்ந்துவிடும்.

பாடத்திட்ட அட்டவணையில் ஒவ்வொரு பாடத்தின் எதிரிலும் நான்கு எண்கள் இருக்கும்: விரிவுரை, டுடோரியல், செய்முறை, கிரெடிட். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி வாரத்திற்கு 1 பீரியட் விரிவுரைக்கு 1 கிரெடிட், 1 பீரியட் டுடோரியலுக்கு 1 கிரெடிட். செய்முறைக்கு மட்டும் 2 பீரியட் சேர்ந்தால்தான் 1 கிரெடிட். ஆகவே 2-0-0-2 என்ற பாடமும் 0-0-4-2 என்ற லேபும் கிரெடிட்டில் சமம் என்றாலும், முன்னது வாரத்தில் 2 பீரியட்டையும் பின்னது 4 பீரியட்டையும் எடுத்துக்கொள்ளும். குறைந்த கிரெடிட் பாடம் வேண்டும் என்று வருகிறவர்கள் கடைசி எண்ணை மட்டுமே பார்க்கிறார்கள். அட்டவணையில் இடத்தை அடைப்பவை முதல் மூன்று எண்கள்தான்.

அறிகுறி: உள்ளே நுழையவே முடியவில்லை

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பதிவு திறக்கும் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைவதால் பக்கம் தொங்குவது இயல்பு. ஒரே கணக்கை செல்போனிலும் லேப்டாப்பிலும் ஒருசேரத் திறந்து வைத்திருந்தால் ஒன்று மற்றொன்றை வெளியே தள்ளிவிடும் என்பதால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு பிரவுசரிலோ மறைமுகச் சாளரத்திலோ முயன்று பாருங்கள். நுழைந்த பிறகும் பாடப்பதிவுப் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தால், கட்டண நிலுவையோ நூலக நிலுவையோ விடுதி நிலுவையோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலுவை உள்ளவர்களின் பதிவைப் பல கல்லூரிகள் நிறுத்தி வைக்கின்றன. முந்தைய நாள் மாலை பணம் கட்டியிருந்தாலும் அது கணக்கில் ஏறும் வரை நிலுவையாகவே காட்டும் என்பதால், ரசீதுடன் அலுவலகத்திற்குப் போவதே விரைவான வழி.

அறிகுறி: எடுக்க நினைத்த பாடம் பட்டியலில் இல்லை

நண்பனின் திரையில் தெரியும் பாடம் உங்கள் திரையில் தெரியவில்லை என்றால், இருவரும் ஒரே துறையா, ஒரே ரெகுலேஷனா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஓபன் எலெக்டிவ் என்பது பிற துறை மாணவர்களுக்காக ஒரு துறை நடத்தும் விருப்பப் பாடம். நடத்தும் துறையின் சொந்த மாணவர்களுக்கு அது பட்டியலில் வராது. மெக்கானிக்கல் மாணவன் தன் துறை நடத்தும் ஓபன் எலெக்டிவைத் தேடிக்கொண்டிருந்தால் அது எத்தனை முறை ரிஃப்ரெஷ் செய்தாலும் வரப்போவதில்லை. முன்தகுதிப் பாடம் ஒன்றில் அரியர் இருந்தாலும் அதைத் தொடரும் பாடம் மறைந்துபோகலாம்.

கலை அறிவியல் கல்லூரிகளில் இதே அறிகுறிக்கு வேறொரு காரணம் உண்டு. பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இளநிலைப் பாடங்கள் ஐந்து பகுதிகளாக இருக்கும்: பகுதி ஒன்று தமிழ் அல்லது வேறு மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மை மற்றும் சார்புப் பாடங்கள், பகுதி நான்கு சுற்றுச்சூழல் கல்வி போன்ற பொதுப் பாடங்கள், பகுதி ஐந்து நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணிகள். பகுதி ஒன்றில் இந்தி, மலையாளம், பிரெஞ்சு என்று தமிழல்லாத மொழியை எடுத்தவர்களுக்குப் பகுதி நான்கில் நான்-மேஜர் எலெக்டிவ் (முதன்மைப் பாடத்திற்கு வெளியே எடுக்கும் விருப்பப் பாடம்) பட்டியல் திறக்காது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படித்திருந்தால் சிறப்புத் தமிழும், படிக்காதிருந்தால் அடிப்படைத் தமிழும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் படிக்க வரும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இந்த இடத்தில் வந்து தடுமாறுகிறார்கள். அங்கே பிழை எதுவும் இல்லை. இருப்பதை எடுத்துப் படிக்க வேண்டியதுதான். ஆறாம் வகுப்பு நிலையில் வைக்கப்படும் அடிப்படைத் தமிழைப் பெரும் சுமை என்று சொல்லவும் முடியாது.

அறிகுறி: "ஸ்லாட் இடிக்கிறது" என்று வருகிறது

திங்கட்கிழமை மூன்றாம் பீரியட் காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். ஆனால் ஸ்லாட் என்பது ஒரு பீரியட் அன்று. வாரம் முழுவதும் சிதறிக் கிடக்கும் பீரியட்களின் தொகுப்பு. திங்கள் மூன்றாம் பீரியட் பொருந்தி, வியாழன் ஐந்தாம் பீரியட் இடித்தால் முழுப் பாடமும் இடித்ததாகவே கணக்கு. ஆகவே, ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து நாள் அட்டவணையை வரைந்து, கட்டாயப் பாடங்களை முதலில் நிரப்பிவிட்டு, அதன்பின் மிஞ்சும் கட்டங்களை எண்ணுங்கள். இந்த வேலையைச் செல்போன் திரையில் செய்து ஒருவரும் சரியாக முடித்து நான் பார்த்ததில்லை.

எண்ணும்போது லேபின் நீளத்தைக் கவனிக்க வேண்டும். லேபுக்கு அடுத்தடுத்த பீரியட்கள் தேவை. நாளுக்கு ஒன்றாகச் சிதறிய நான்கு காலி பீரியட்களில் ஒரு லேபை வைக்க முடியாது. 3-0-2-4 போன்று தியரியும் லேபும் சேர்ந்த பாடங்கள்தான் அதிகம் இடிப்பவை. வாரத்தில் ஐந்து பீரியட், அதிலும் இரண்டு ஒட்டியிருக்க வேண்டும். சிதறிய இடைவெளிகள்தான் உங்களிடம் இருக்கின்றன என்றால் உங்களுக்கு ஏற்றது 1-0-0-1 அல்லது 2-0-0-2 வகை. ஒரு முழு மதியம் காலியாக இருந்தால் லேபைத் தேடலாம்.

இடிப்பைத் தீர்க்கும்போது எதை நகர்த்துவது என்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஒரே பிரிவு மட்டும் உள்ள பாடத்தை அசைக்க முடியாது. இரண்டு மூன்று பிரிவுகளாக நடக்கும் பாடத்தில்தான் வேறு பிரிவுக்கு மாறலாம். ஆகவே, இடிக்கும் இரண்டில் அதிகப் பிரிவுகள் உள்ளதை நகர்த்துங்கள். பல மாணவர்கள் கடைசியாகச் சேர்த்த பாடத்தையே நீக்குகிறார்கள். அதுதான் கிடைப்பதற்கரிய பாடமாக இருந்துவிடும்.

அறிகுறி: மொத்தம் சரியாக இருக்கிறது, ஆனாலும் பற்றாக்குறை என்று சிவப்பாகக் காட்டுகிறது

இந்த வழிமுறையை எழுதத் தூண்டியதே இந்த அறிகுறிதான். இறுதியாண்டின் கடைசிப் பருவத்தில் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவி ஒருத்தி, மூன்று தனித்தனி ஒரு கிரெடிட் பாடங்களை முடித்திருந்தாள். ஓபன் எலெக்டிவ் ஒன்றை எடுக்கவில்லை. "மூணு ஒண்ணு சேந்தா மூணுதானுங்க சார், அப்பறம் ஏனுங்க குறையுதுன்னு வருது?" என்று கேட்டாள். "கூட்டல் சரிதான் கண்ணு, போட்ட கட்டம்தான் வேற" என்று சொன்னபோது அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

பட்டம் மொத்தக் கிரெடிட்டுக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஒவ்வொரு வகையிலும் கேட்கப்பட்ட கிரெடிட் தனித்தனியாக நிறைந்திருக்க வேண்டும். பொறியியலில் மனிதவியலும் மேலாண்மையும், அடிப்படை அறிவியல், பொறியியல் அறிவியல், துறையின் முதன்மைப் பாடங்கள், துறை எலெக்டிவ், ஓபன் எலெக்டிவ், வேலைவாய்ப்புத் திறன் என்று கட்டங்கள் உண்டு. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் விரலியும் கிழங்கும் தனித்தனியாகத்தான் விலை போகும். மொத்த எடை எவ்வளவு இருந்தாலும் விரலி கேட்ட வியாபாரியிடம் கிழங்கை நிறுத்துக் கொடுத்துக் கணக்கை நேர்செய்ய முடியாது. கிரெடிட் கணக்கும் அப்படித்தான்.

சரிசெய்யும் வழி இது: வகைவாரிப் பட்டியலில் கேட்டது, பெற்றது, இப்பருவத்தில் பதிந்தது என்ற மூன்று எண்களையும் ஒவ்வொரு வகைக்கும் எழுதி, எந்த வகையில் பள்ளம் இருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே பாடம் தேட வேண்டும். பள்ளம் ஓபன் எலெக்டிவில் இருந்தால் ஒரு கிரெடிட் பாடம் அதை நிரப்பாது. அது பெரும்பாலும் கூடுதல் கிரெடிட் என்ற தனிக் கட்டத்தில் போய் விழும். சில தன்னாட்சிக் கல்லூரிகள் மூன்று ஒரு கிரெடிட் பாடங்களைச் சேர்த்து ஓர் எலெக்டிவுக்கு ஈடாக ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் அதற்கென விண்ணப்பம் உண்டு, காலக்கெடு உண்டு, துறைத்தலைவரின் கையெழுத்து உண்டு. அந்த மாணவியின் கல்லூரியிலும் அந்த வசதி இருந்தது. விண்ணப்பிக்க வேண்டிய பருவம்தான் முடிந்துபோயிருந்தது.

பூஜ்ஜியம் கிரெடிட் பாடங்களும் இதே இடத்தில் ஏமாற்றும். 3-0-0-0 என்று எழுதப்பட்ட கட்டாயப் பாடம் வாரத்தில் மூன்று பீரியட்டை எடுத்துக்கொண்டு கிரெடிட் எதுவும் தராது; ஆனாலும் அதை முடிக்காமல் பட்டம் கிடையாது. குறைந்த கிரெடிட் என்று தேடி இதை எடுத்தவருக்குக் கிரெடிட் பள்ளம் அப்படியே இருக்கும், அட்டவணை மட்டும் நிரம்பியிருக்கும்.

அறிகுறி: கிரெடிட் வரம்பு மீறியதாக வருகிறது

ஒரு பருவத்தில் எத்தனை கிரெடிட் வரை பதியலாம் என்பதற்கு உங்கள் ரெகுலேஷனில் மேல்வரம்பு இருக்கும். புதிய பாடங்களைக் கூட்டிப் பார்த்தால் வரம்புக்குள் இருக்கிறது, போர்ட்டல் மட்டும் மறுக்கிறது என்றால், வருகைப் பற்றாக்குறையால் மறுபடி படிக்க வேண்டிய பாடம் ஏதேனும் தானாகவே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹானர்ஸ் (தன் துறையில் ஆழமாகப் படிப்பது) அல்லது மைனர் (வேறு துறையைத் துணையாகப் படிப்பது) பட்டத்திற்காகக் கூடுதல் பாடம் பதிந்திருந்தாலும் அது சுமையாக நிற்கும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் அதற்குக் கூடுதலாக 18 கிரெடிட் தேவை. ஒரு கிரெடிட் பாடத்தைச் சேர்ப்பதற்காக எலெக்டிவ் ஒன்றை நீக்குவது இந்த இடத்தில் நடக்கும் மோசமான தவறு. வரம்பு இடித்தால் சிறியதைத்தான் அடுத்த பருவத்திற்குத் தள்ள வேண்டும்.

சராசரியை உயர்த்துவதற்காக ஒரு கிரெடிட் பாடம் தேடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 20 கிரெடிட்டில் 8.0 சராசரி வைத்திருக்கும் ஒருவர் ஒரு கிரெடிட் பாடத்தில் முழு 10 புள்ளி வாங்கினால், 160-உம் 10-உம் சேர்ந்த 170-ஐ 21-ஆல் வகுக்க, ஏறத்தாழ 8.1 வரும். அதுவும் அந்தப் பாடம் சராசரியில் சேர்க்கப்பட்டால் மட்டுமே. கூடுதல் கிரெடிட்டைச் சராசரியில் சேர்க்காத கல்லூரிகளும் இருக்கின்றன. படிக்கும் ஆசையால் எடுத்தால் எடுக்கலாம்.

அறிகுறி: இடம் நிரம்பிவிட்டது, அல்லது எடுத்த பாடமே காணாமல் போனது

நிரம்பிய பாடத்தில் சேர்த்தல், நீக்குதலுக்கான முதல் வாரத்தில் இடம் விடுபடும். காலையிலும் மாலையிலும் ஒருமுறை பார்த்தால் போதும். நேற்றுவரை பதிவில் இருந்த பாடம் இன்று இல்லை என்றால், குறைந்தபட்ச மாணவர் எண்ணிக்கை சேராமல் துறை அதைக் கைவிட்டிருக்கும். அதிகம் பேர் எடுக்காத சிறிய பாடங்களுக்கே இது நேர்வதால், அவற்றை எடுக்கும்போது மாற்றுப் பாடம் ஒன்றை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஒரு கிரெடிட் பாடம் எடுத்தேன், வருகை போதவில்லை என்கிறார்கள்

ஒரு கிரெடிட் பாடத்திற்குச் சுமார் 15 மணி நேர வகுப்பு. கோவையின் பம்பு, மோட்டார் ஆலைகளிலிருந்தோ திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களிலிருந்தோ ஒருவர் வந்து நடத்துகிறார் என்றால், அவருக்கு வசதியான சனிக்கிழமைகளில் நாளுக்கு 5 மணி நேரமாக மூன்று நாளில் முடித்துவிடுவது உண்டு. மூன்றில் ஒரு சனிக்கிழமை உறவினர் வீட்டுச் சீருக்குப் போனால் வருகை 66.7 விழுக்காட்டில் நின்றுவிடும். 75 விழுக்காடு கேட்கும் கல்லூரியில் அத்துடன் முடிந்தது. முழுப் பருவப் பாடத்தில் ஒரு நாள் விடுப்பு பெரிய சேதம் செய்யாது என்ற பழக்கத்தில் இதையும் எடைபோடக் கூடாது. பதியும் முன் நாட்களைக் கேட்டு, வீட்டில் கல்யாணமோ மாரியம்மன் பண்டிகையோ அந்த நாட்களில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மாலையில் வகுப்பு முடிந்த பிறகு நடக்கும் ஒரு கிரெடிட் பாடங்களில் பேருந்துதான் சிக்கல். பொள்ளாச்சியிலிருந்து 40 கிலோமீட்டர் வந்து போகிறவருக்கும் விடுதியில் இருப்பவருக்கும் மாலை ஐந்தரை என்பது ஒரே நேரம் அன்று. பிரதான சாலைக்கு வந்த பிறகு கிராமத்திற்குள் போகும் டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

அறிகுறி: ஆன்லைன் பாடத்தை முடித்தும் கிரெடிட் ஏறவில்லை

ஒரு கிரெடிட் மட்டும் குறையும்போது மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்தின் 4 வாரப் பாடம் நல்ல வழி. அங்கே 4 வாரத்திற்கு 1, 8 வாரத்திற்கு 2, 12 வாரத்திற்கு 3 கிரெடிட் என்பது வழக்கம். ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை இடமளித்தாலும், உங்கள் கல்லூரி எத்தனை பாடங்களை ஏற்கிறது, எந்த வகையில் ஏற்கிறது என்பதை உங்கள் ரெகுலேஷன்தான் சொல்லும். முன் அனுமதி வாங்கினீர்களா என்பதே முதல் கேள்வி. துறை வெளியிட்ட பட்டியலில் இல்லாத பாடத்தைச் சொந்தமாக முடித்துவிட்டுச் சான்றிதழுடன் வந்தால் பாராட்டு கிடைக்கும், கிரெடிட் கிடைக்காது. நீங்கள் ஏற்கெனவே வகுப்பறையில் படித்த பாடத்துடன் உள்ளடக்கம் ஒத்துப்போனாலும் மறுத்துவிடுவார்கள்.

ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் ஸ்வயம் வழியே நடத்தும் என்பிடெல் பாடமாக இருந்தால் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரியும். அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என இரண்டிலும் தனித்தனியாக எட்டினால்தான் சான்றிதழ். 4 வாரப் பாடத்தில் சிறந்த 3 அசைன்மென்ட் எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் ஒன்றைத் தவறவிடலாம், இரண்டாவதைத் தவறவிட்டால் அடி விழும். பாடம் படிக்கச் சேர்வதும் தேர்வுக்குப் பதிவதும் இரண்டு வெவ்வேறு வேலைகள். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்கள் எல்லா ஆண்டும் உண்டு. கடைசிப் பருவத்தில் இந்த வழியை நம்ப வேண்டாம் என்பது என் கருத்து: தேர்வு முடிவு வந்து, கல்லூரி அதைச் சரிபார்த்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஏறுவதற்குள் உங்கள் வகுப்பு நண்பர்களின் முடிவு வெளிவந்திருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் கிரெடிட் ஏறவில்லை என்றால் பெயரைப் பாருங்கள். நீங்கள் பெறும் கிரெடிட்களைச் சேமித்து வைக்கும் தேசியக் கிரெடிட் வங்கிக்கான 12 இலக்க எண் டிஜிலாக்கர் வழியே ஆதாரிலுள்ள பெயரில் உருவாகிறது. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஓர் இன்ஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அது பின்னால் போயிருக்கும். ஆதாரில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். ஸ்வயம் கணக்கு தொடங்கியபோது இன்ஷியலையே போடாமல் விட்டிருப்பீர்கள். நான்கும் ஒருவர்தான் என்பது உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கல்லூரிப் பதிவிலுள்ள பெயரை அடிப்படையாக வைத்து, ஆதாரில் திருத்தம் வேண்டுமானால் சேவை மையத்தில் சான்றிதழைக் காட்டித் திருத்தி, அதன்பின் டிஜிலாக்கரில் புதுப்பியுங்கள். ஸ்வயம் சான்றிதழில் அச்சாகும் பெயரைத் தேர்வுக்குப் பதியும்போதே சரிபார்த்துவிட வேண்டும்.

அறிகுறி: நான் முதல்வன் பாடம் ஒரு பக்கத்தில் இருக்கிறது, மறு பக்கத்தில் இல்லை

தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தின் பாடங்களுக்கு அதற்கென்று தனித் தளம் இருப்பதால், அங்கே பதிந்தது கல்லூரி போர்ட்டலில் தானாக வராது. கல்லூரிப் பதிவில் அந்தப் பாடக் குறியீடு தனியாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்துத் திரையையும் படம் பிடித்து, துறையில் அதற்கெனப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியரிடம் காட்டுங்கள். பதிவெண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் அவரால் மட்டுமே திருத்த முடியும், அதையும் மதிப்பெண் ஏற்றுவதற்கு முன்பு செய்தாக வேண்டும்.